புதிய எழுத்துமுறைக்கு வடிவம் அமைப்பது எப்படி: கட்டம் போட்ட நோட்டிலிருந்து யூனிகோடு வரை

எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து அமைக்க நினைப்பவர்களுக்கும், நாவலுக்கோ விளையாட்டுக்கோ கற்பனை எழுத்து தேடுபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டு தரப்பும் சறுக்கும் இடம் ஒன்றுதான். முதல் நாளே உட்கார்ந்து முப்பது அழகான வடிவங்களை வரைந்துவிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஜோராக இருக்கும். ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தால் கை வலிக்கும், பத்து எழுத்துகள் ஒன்றுபோலத் தெரியும். வேகமாக எழுதினால் எழுதியவருக்கே புரியாது.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். முக்கியமாக, ஏழாம் படி வரும்வரை கணினியைத் தொட வேண்டாம். முதல் ஆறு படிகளை நிதானமாகச் செய்தால் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். எழுத்துருவுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். யூனிகோடு, அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் நிரந்தர இடம் தரும் பொதுத் தரம், என்றால் வருடக்கணக்கு.

1. ஒலிக்கணக்கு போடுங்கள்

எத்தனை வடிவம் தேவை என்று தெரியாமல் வடிவம் தேட முடியாது. பொருளை மாற்றும் ஒலிகளை மட்டும் பட்டியல் போடுங்கள். 'கல்', 'பல்' இரண்டும் முதல் ஒலியால் வேறுபடுகின்றன, ஆகவே ககரத்துக்கும் பகரத்துக்கும் தனித்தனி எழுத்து வேண்டும். 'காகம்' என்பதில் முதல் ககரம் ஒரு மாதிரியும் அடுத்தது வேறு மாதிரியும் ஒலித்தாலும் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை, ஒரே எழுத்து போதும். ஒவ்வோர் ஒலிக்கும் சொல்லின் முதல், இடை, கடை என்று மூன்று இடங்களிலும் எடுத்துக்காட்டு எழுதி வையுங்கள். இந்தத் தாள் கடைசிப் படி வரை கூடவே வரும்.

அடுத்தது எழுத்துமுறையின் வகை: ஒலிக்கு ஓர் எழுத்தா, அசைக்கு ஓர் எழுத்தா? ஒடிசாவின் மயூர்பஞ்சில் 1925இல் ரகுநாத் முர்மு சந்தாளி மொழிக்கு உருவாக்கிய ஒல் சிக்கியில் உயிரும் மெய்யும் தனித்தனி. மொத்தம் 30 எழுத்து, கூட்டெழுத்து கிடையாது. அமெரிக்காவில் செக்கோயா 1821இல் முடித்த செரோக்கி எழுத்தில் ஓர் அசைக்கு ஓர் எழுத்து. இன்று வழங்குவது 85. செரோக்கி அசைகள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் அந்த எண்ணிக்கை போதுமானதாக இருக்கிறது. மெய்யில் முடியும் அசைகள் நிறைந்த மொழிக்கு இதே வழியில் போனால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். மெய்களை உயிர்களால் பெருக்கிப் பாருங்கள். நூற்றைத் தாண்டினால் அசையெழுத்தை விட்டுவிடுங்கள் என்பது என் கணக்கு. கேமரூனில் பாமும் மன்னர் ஞோயா 1896 வாக்கில் சுமார் 500 படக்குறிகளோடு தொடங்கி, பல கட்டங்களாகக் குறைத்து, 1910 அளவில் 80இல் வந்து நின்றார்.

மூன்றாவதாக, எண்ணிக்கைக்கு ஒரு தாள். ஏதாவது ஒரு கதையையோ பேச்சையோ எழுதி எடுத்து, இரண்டாயிரம் ஒலிகள் வரை எண்ணி, எது எத்தனை முறை வருகிறது என்று குறியுங்கள். அதிகம் வரும் ஆறு ஏழு ஒலிகளுக்கு ஒரே இழுப்பில் முடியும் வடிவங்களை ஒதுக்கிவிடுங்கள். மோர்ஸ் குறியீட்டில் ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ' எழுத்துக்கு ஒற்றைப் புள்ளிதான். இந்தத் தாளைப் போடாதவர்கள் அரிதான ஒலிக்கு ஒற்றைக் கோட்டைக் கொடுத்துவிட்டு, வரிக்கு ஐந்து முறை வரும் ஒலிக்கு மூன்று சுழி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

2. வடிவத்துக்கு ஒரு மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆக்கப்பட்ட எழுத்துமுறைகளைப் பார்த்தால் வடிவங்கள் பெரும்பாலும் ஐந்து வழிகளில் வந்திருக்கின்றன. ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்தையும் கலந்தால் எழுத்துகளுக்குக் குடும்பச் சாயல் வராது.

வாயிலிருந்து எடுப்பது. கொரியாவின் ஹங்குல் இதற்கு முழுமையான பாடம். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டார். நாவின் அடி மேலெழுந்து தொண்டையை அடைக்கும் தோற்றம் ககரம்: மேலே ஒரு கிடைக்கோடு, அதன் வலது முனையிலிருந்து கீழே ஒரு கோடு. நாவின் நுனி மேல் ஈறைத் தொடும் தோற்றம் நகரம்: மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும் கோடு. மகரம் வாய் வடிவச் சதுரம். சகரம் பல், இரண்டு சாய்கோடுகள். தொண்டைக்கு வட்டம். அடிப்படை இந்த ஐந்துதான். மற்றவை பெரும்பாலும் கோடு சேர்த்து வருகின்றன. நகரத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் தகரம், அதற்குள் இன்னொரு கோடு போட்டால் மூச்சோடு ஒலிக்கும் தகரம். ஒலி வலுக்க வலுக்கக் கோடு கூடுகிறது. இந்த முறையின் லாபம் கற்பவருக்கு. ஐந்தைப் பிடித்தால் மீதியை ஊகிக்கலாம். நஷ்டமும் அதே இடத்தில்தான்: உறவுள்ள ஒலிகள் ஒரே சாயலில் இருப்பதால், ஒரு கோடு மங்கினாலே எழுத்து மாறிவிடும்.

இதைப் பின்பற்றுவதானால் ஒலித்தாளை அண்ணம், பல், இதழ் என்று பிறப்பிடப்படி மறுபடி அடுக்குங்கள். பிறப்பிடத்துக்கு ஓர் அடிவடிவம், ஒலிக்கும் விதத்துக்கு ஒரு சேர்க்கை. ஒன்றிரண்டு ஒலிகள் எந்தக் கட்டத்திலும் அடங்காது. ஹங்குலிலும் ரகர-லகர எழுத்து விதிவிலக்குதான். அடங்காததை வலிந்து அடக்கப் பார்க்காதீர்கள்.

பொருளின் படத்திலிருந்து எடுப்பது. ஒல் சிக்கியில் கதிர் அரிவாள், ஏர், காளான், மலையுச்சி, பறக்கும் தேனீ, நீட்டிய கை எல்லாம் எழுத்தாகியிருக்கின்றன. எழுத்தின் பெயரும் பொருளும் ஒட்டிக்கொண்டிருப்பதால் மனப்பாடம் எளிது. செய்முறை இது: பொருளை முதலில் பத்துக் கோட்டில் வரையுங்கள், அடுத்து ஐந்தில், அடுத்து இரண்டில். இரண்டு கோட்டில் மற்றவர் அடையாளம் காணாவிட்டாலும் பரவாயில்லை, சொன்னால் தலையாட்டினால் போதும். படமாகவே நிறுத்திவிடுவதுதான் இங்கே பொறி. காதும் கொம்பும் உள்ள மாட்டுத்தலை நோட்டில் அழகு, கடிதத்தில் தொல்லை.

திருப்பிப் போடுவது. கனடாவின் நார்வே ஹவுஸில் ஜேம்ஸ் எவன்ஸ் 1840இல் அமைத்த கிரீ மொழி எழுத்தில் மெய்க்கு வடிவம், உயிருக்குத் திசை. பகரத்துக்கு இரண்டு கோடு சந்திக்கும் ஒரு கூர்முனை. அது மேலே பார்த்தால் 'பி', கீழே பார்த்தால் 'பே', இடப்பக்கம் 'ப', வலப்பக்கம் 'போ'. மிகக் குறைந்த வடிவங்களில் மொழி முழுதும் அடங்கிவிடும். எந்த வடிவம் எத்தனை தரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள். வட்டத்தைத் திருப்பினால் ஒன்றும் கிடைக்காது. கூர்முனை நான்கு தரும். ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமான கொக்கி, திருப்பியும் கண்ணாடிபோல் புரட்டியும் எட்டு தரும்.

எட்டு கிடைக்கிறதே என்று எட்டையும் எடுத்துவிடக் கூடாது. கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று பழகிய கண்ணுக்கு, இடவல மாற்றம் பெரிய வேறுபாடாகப் படாது. புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். திருப்புவதானால் முறை தவறாமல் திருப்புங்கள். பெர்னார்ட் ஷாவின் உயில் பணத்தில் நடந்த போட்டியிலிருந்து பிறந்து, ஆங்கிலத்துக்கென கிங்ஸ்லி ரீட் வடிவமைத்த ஷேவியன் எழுத்தில், ஒலிப்பில்லாத மெய் (குரல்வளை அதிராமல் பிறப்பது) மேலே நீண்டிருக்கும். அதையே தலைகீழாக்கினால் அதன் ஒலிப்புடைய இணை கீழே இறங்கி நிற்கும். அழகான விதி. ஆனால் 'ஹ'வும் 'ங்'கும் மட்டும் நேர்மாறு. ஒலிப்பில்லாத ஹகரம் கீழே தொங்குகிறது, ஒலிப்புடைய ஙகரம் மேலே நிற்கிறது. விதியை நம்பிப் படிப்பவர்கள் இன்றும் அந்த இணையில்தான் முட்டிக்கொள்கிறார்கள். விதி ஒன்று வைத்தால் விதிவிலக்கை அந்த விதியின் சாயலே இல்லாத வடிவமாகக் கொடுங்கள்.

கடன் வாங்குவது. செரோக்கியில் பல வடிவங்கள் ஆங்கில எழுத்துகளை ஒத்தவை, ஒலி மட்டும் வேறு. ஆங்கில 'டபிள்யூ' அங்கே 'ல', 'எச்' அங்கே 'மி', 'டி' அங்கே 'அ'. வடிவம் ஏற்கெனவே தேய்ந்து மெருகேறியது என்பதால் எழுதச் சுலபம். ஆனால் இன்னொரு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தினமும் குழப்பம். உங்கள் வாசகர்கள் பள்ளியில் ஆங்கிலமோ இந்தியோ படிப்பவர்கள் என்றால், வடிவத்தை எடுங்கள், ஆனால் மூல ஒலிக்குப் பக்கத்து ஒலியையாவது கொடுங்கள். முற்றிலும் வேறு ஒலி வேண்டவே வேண்டாம்.

கிறுக்கிப் பொறுக்குவது. கினியின் நஸெரெக்கோரேயில் 1989இல் இப்ராஹிமா, அப்துலாயே பாரி என்ற அண்ணன் தம்பி, பதின்மூன்று பதினான்கு வயதில் ஒருவரும் பத்து வயதில் ஒருவருமாக, கண்ணை மூடிக்கொண்டு தாளில் கோடு இழுத்து, கண்ணைத் திறந்து பிடித்ததைப் பொறுக்கினார்கள். ஃபுலானி மொழிக்கான அட்லாம் எழுத்து, 28 எழுத்து, அப்படி வந்தது. கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் ஐந்தில் கைக்கு மிக நெருக்கமானது இதுதான். இருபது தாள், தாளுக்கு முப்பது கிறுக்கல். மறுநாள் பார்த்து அறுபதைத் தேர்ந்தெடுங்கள். தேவையைப் போல் இரண்டு மடங்கு கையிருப்பு எப்போதும் இருக்கட்டும், அடுத்த சோதனைகளில் பாதி விழுந்துவிடும்.

3. கருவியையும் கோட்டையும் முடிவு செய்யுங்கள்

எதனால் எழுதப் போகிறார்கள்? பால்பாயிண்ட் பேனாவா, பலகையில் சாக்பீஸா, கைபேசியில் விரலா? கருவி வடிவத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஹங்குல் உயிரெழுத்துகளில் முதலில் இருந்தது வட்டப் புள்ளி. வானத்துக்குப் புள்ளி, நிலத்துக்குக் கிடைக்கோடு, மனிதனுக்கு நெடுங்கோடு. நெடுங்கோட்டுக்கு வலப்பக்கம் புள்ளி வைத்தால் 'ஆ'. தூரிகையால் உருண்டைப் புள்ளி வைப்பது வேலை பிடித்த காரியம். அது சீக்கிரமே கோட்டோடு ஒட்டிய குட்டைக் கோடாகிவிட்டது, இன்றும் அப்படியே. நம் ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஏறிய எழுத்துகள் வளைந்ததும், புள்ளிகள் காணாமல் போனதும் இதே வகைதான்.

பேனா என்று வைத்துக்கொண்டால் நான் சொல்லும் அளவு இது:

அடிப்படைக் கோடுகள் ஆறிலிருந்து எட்டுக்குள். நெடுங்கோடு, கிடைக்கோடு, ஒரு சாய்கோடு, இடத்திறப்பு வளைவு, வலத்திறப்பு வளைவு, சுழி, கொக்கி. எல்லா எழுத்தும் இவற்றிலிருந்தே வர வேண்டும். குடும்பச் சாயல் வருவது இதனால்தான், அலங்காரத்தால் அல்ல.

ஓர் எழுத்துக்குப் பேனாவை இரண்டு முறைக்கு மேல் தூக்கக் கூடாது. அதிகம் வரும் எழுத்துகளுக்குத் தூக்கவே கூடாது.

எழுத்து முடியும் இடம் அடுத்த எழுத்து தொடங்கும் பக்கமாக இருக்க வேண்டும். இடமிருந்து வலம் எழுதினால் வலப்பக்கத்தில் முடியுங்கள். இடப்பக்கத்தில் முடியும் எழுத்து ஒவ்வொரு முறையும் கையைப் பின்னுக்கு இழுக்கும்.

ஆங்கிலக் கையெழுத்துப் பயிற்சிக்கு விற்கும் நாலு கோடு நோட்டு ஒன்று வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு எழுத்துகளாவது நடு இரண்டு கோட்டை விட்டு மேலேயோ கீழேயோ நீள வேண்டும். 1850களில் யூட்டாவில் உருவான டெசரெட் எழுத்தில் மேலே நீள்வதும் கீழே இறங்குவதும் இல்லை. சொற்கள் எல்லாம் ஒரே உயரச் சுவர்போல் நிற்கும், வரியின்மேல் கண் ஓடாது.

திசையில் தயக்கம் இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் மண்ணில் ஒரு கோடு இழுக்கச் சொல்லிப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 1949இல் என்கோ எழுத்தை உருவாக்கிய சோலோமானா காந்தே அப்படிப் பார்த்துத்தான் வலமிருந்து இடம் என்று முடிவு செய்ததாகச் சொல்வார்கள். ஆனால் வலமிருந்து இடம் போனால் ஏழாம் படியில் கூடுதல் தலைவலி உண்டு. தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

4. குழப்பச் சோதனை

30 எழுத்து இருந்தால் 435 இணைகள். ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும், குறுக்குவழி இல்லை. கட்டம் போட்ட நோட்டில் மேலேயும் பக்கவாட்டிலும் எழுத்துகளை எழுதி, இணைக்கு ஒரு கட்டம். இரண்டுக்கும் எத்தனை வேறுபாடு என்று எண்ணுங்கள்: உயரம், திறப்பு, சுழி, கோட்டின் எண்ணிக்கை, திசை. ஒரே ஒரு வேறுபாடு உள்ள இணைக்குச் சிவப்பு மை. குறைந்தது இரண்டு வேறுபாடு இருந்தால் விட்டுவிடலாம்.

பிறகு எல்லா எழுத்தையும் நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். இரண்டாம் நகலில் சுழிகள் அடைபட்டிருந்தால் சுழியைப் பெரிதாக்குங்கள். அதே நகலைக் கைநீட்டும் தூரத்தில் வைத்து வேறொருவரிடம் கலைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லித் திருத்தாதீர்கள். விளக்கம் தேவைப்படும் எழுத்து விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

எழுத்துகளோடு மட்டும் நிறுத்தாதீர்கள். துணைக்குறிகளும் எண்களும் சேர வேண்டும். தமிழே இதற்கு நல்ல எச்சரிக்கை. துணைக்காலும் ரகரமும் அச்சில் ஒட்டியே வருகின்றன. 'ஔ'வை 'ஒள' என்று தட்டி வைத்தவர்கள் எத்தனை பேர்! தமிழ் எண் ஏழும் எகரமும், எண் ஒன்றும் ககரமும் பார்வைக்கு ஒன்றே. தமிழில் பழக்கம் காப்பாற்றுகிறது. புது எழுத்துக்குப் பழக்கம் என்ற காவல் கிடையாது.

5. வேகச் சோதனை

இதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து பேர் வேண்டும். ஒரு சிறுவர், ஒரு வயதானவர், ஒரு இடக்கைக்காரர் கட்டாயம். ஒரு வாரம் பழகக் கொடுத்துவிட்டு, 200 சொல் கொண்ட ஒரு பகுதியை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுத வேண்டும், பேச்சு வேகத்தில். மறுநாள் தாள்களை மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தாள்களில் நான்கு வகைச் சிதைவு திரும்பத் திரும்ப வரும். கூரான மூலை வளைந்துவிடும். மூடிய சுழி திறந்துவிடும், சிறிய சுழியாக இருந்தால் மையில் அடைந்துவிடும். பேனா தூக்கிப் போட வேண்டிய இரண்டு கோடு ஒரே இழுப்பாகச் சேர்ந்துவிடும். இரட்டைக் கோடு ஒற்றையாகிவிடும். இந்த நான்கில் ஒன்றால் மட்டுமே வேறுபடும் இரண்டு எழுத்துகள் உங்களிடம் இருந்தால், அவை பயன்பாட்டில் ஒன்றாகிவிடும். மூலை உள்ளது ஒன்று, வளைவு உள்ளது இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் இங்கே கட்டாயம் அடிபடுவார்கள்.

ஐவரில் மூவர் ஒரே மாதிரி சிதைத்திருந்தால், அதுவே உங்கள் எழுத்தின் சரியான வடிவம். உங்கள் மாதிரியைத் திருத்துங்கள், அவர்கள் கையை அல்ல. லைபீரியாவில் 'வாய்' என்ற மொழிக்கு 1830களில் பிறந்த எழுத்தின் வடிவங்கள் தலைமுறை தலைமுறையாக எளிமைப்பட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தத் தேய்மானத்தில் கொஞ்சத்தை நோட்டிலேயே முடித்துவிட்டால் பின்னால் அச்சும் பாடநூலும் மாற்ற வேண்டியிருக்காது. இரண்டு சுற்று போதும். மூன்றாம் சுற்றிலும் புதுச் சிதைவு வந்தால் கோளாறு ஓர் எழுத்தில் இல்லை, மூன்றாம் படியில் எடுத்த கோடுகளில் இருக்கிறது.

6. மாதிரித்தாள் போட்டு நிறுத்துங்கள்

ஏ4 தாளில் ஒவ்வோர் எழுத்தும் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில்: எழுத்து, பெயர், ஒலி, அம்புக்குறியோடு எழுதும் வரிசை, எடுத்துக்காட்டுச் சொல். மேலே பதிப்பு எண்ணும் தேதியும். லாவோஸில் ஷோங் லூ யாங் 1959 முதல் 1971 வரை பஹாவ் மொங் எழுத்தை நான்கு பதிப்பாகத் திருத்தினார். எது எந்தப் பதிப்பு என்று தெரிந்ததால்தான் இன்று பேசவாவது முடிகிறது. தேதியில்லாத இரண்டு மாதிரித்தாள் ஊரில் சுற்றினால் சண்டை நிச்சயம்.

இதுவரை செலவு நோட்டு, பேனா, ஜெராக்ஸ் மட்டும்தான். ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

7. எழுத்துரு

மென்பொருள் செலவு இல்லாமலே செய்யலாம். வரைய இங்க்ஸ்கேப், எழுத்துரு கட்ட ஃபான்ட்ஃபோர்ஜ், இரண்டும் இலவசம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கிளிஃப்ஸ் என்ற கட்டண மென்பொருள் வசதியானது, கட்டாயமில்லை.

மாதிரித்தாளை ஸ்கேன் செய்து பின்னணியில் வைத்து, மேலே கையால் வரையுங்கள். தானாக வரைந்து தரும் வசதியை நம்பினால் ஒரு வளைவுக்கு நாற்பது புள்ளி போட்டு வைக்கும், கோடு நடுங்கும், திருத்தவும் முடியாது. ஒரு வட்டத்துக்கு நான்கு புள்ளி போதும்: மேல், கீழ், இடம், வலம் ஆகிய விளிம்புகளில்.

அளவுகள்: மொத்தச் சதுரம் 1000 அலகு. அடிக்கோட்டுக்கு மேலே 800, கீழே 200. நடு உயரம் 500. கோட்டின் பருமன் 80இல் தொடங்குங்கள். நேர்க்கோட்டுப் பக்கத்தில் 60 அலகு இடைவெளி, வளைவுப் பக்கத்தில் 30. வளைந்த எழுத்து அடிக்கோட்டை 10 முதல் 15 அலகு தாண்டி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவற்றைவிடச் சின்னதாகத் தெரியும். சொல் இடைவெளி 250.

எழுத்துருவை வெளியே எடுக்குமுன் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை இணைத்து, கோட்டின் சுற்றுத் திசையைச் சரிபாருங்கள். திசை தவறினால் சுழியின் நடு ஓட்டை கறுப்பாக நிரம்பி வரும்.

இப்போது பெரிய பொறி. வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்துவிடும் ஆசை வரும், தட்டச்சு உடனே வேலை செய்யுமே என்று. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அத்தனையும் ஆங்கிலக் குப்பை. யூனிகோடில் தனியார் பயன்பாட்டுப் பகுதி என்று 6,400 இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே வையுங்கள். அதிலும் சிக்கல்கள் உண்டு. அங்குள்ள எல்லாவற்றையும் கணினி இடமிருந்து வலமாகவே எடுத்துக்கொள்ளும், வலமிருந்து இடம் எழுதுபவர்களுக்குச் சொல் தலைகீழாகும். எழுத்தின்மேல் ஏற வேண்டிய துணைக்குறி பல செயலிகளில் பக்கத்தில் போய் நிற்கும். ஐகான் எழுத்துருக்களும் இதே இடங்களைப் பயன்படுத்துவதால், உங்கள் ககரம் இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுப் படமோ தொலைபேசிப் படமோ வரலாம். இது தற்காலிக வீடு என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

8. விசைப்பலகை

கீமேன் என்ற மென்பொருள் இலவசம், கணினிக்கும் கைபேசிக்கும் ஒரே தளத்தில் கட்டலாம். முப்பது எழுத்துக்கு ஓரிரு வார வேலை. ஒலி ஒத்த ஆங்கில விசையில் வைப்பது பழகச் சுலபம். அதிகம் வரும் எழுத்துக்கு ஷிஃப்ட் தேவைப்படக் கூடாது.

9. யூனிகோடு விண்ணப்பம்

நாவல், விளையாட்டு எழுத்துக்காரர்கள் இங்கே நின்றுகொள்ளலாம். ஸ்டார் ட்ரெக் தொடரின் கற்பனை மொழியான கிளிங்கனின் எழுத்தையே 2001இல் நிராகரித்துவிட்டார்கள். அன்றாடப் பயன்பாடு இல்லை என்பது முக்கியக் காரணம்.

விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தரகு கேட்பவர்களை நம்ப வேண்டாம். எழுத்தை யாரோ உருவாக்கினார்கள் என்பது போதாது, மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று காட்ட வேண்டும். சேர்க்க வேண்டியவை: விண்ணப்பச் சுருக்கப் படிவம், எழுத்து அட்டவணை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர், அகர வரிசை, திசை, இணைப்பு விதிகள், எண்கள், நிறுத்தக்குறிகள், அட்டவணை அச்சிட உரிமத்தோடு எழுத்துரு. பிறகு சான்று: பாடப்புத்தகப் பக்கம், கல்யாண அழைப்பிதழ், கடைப் பலகை, கடிதம், வகுப்பறைக் கரும்பலகை. உருவாக்கியவர் அல்லாத கைகளில் எழுதியவையே எடை கூடியவை. சமூக அமைப்புகளின் கடிதம் இருந்தால் நல்லது. எழுத்துரு உரிமத்துக்குத் திறந்த எழுத்துரு உரிமம் எடுத்தால் பேச்சே எழாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2002 முதல் இயங்கும் எழுத்துமுறைக் குறியேற்ற முன்முயற்சி, வரைவு எழுத வழிகாட்டும்.

காலம்? வரைவு அனுப்பியதிலிருந்து வெளியீடு வரை இரண்டு ஆண்டுக்குக் குறையாது. மேற்கு வங்கத்தின் தோத்தோ எழுத்து 2015இல் வெளியாகி 2021இல் சேர்ந்தது, இது வேகமான வழக்கு. அட்லாமுக்கு 1989இலிருந்து 2016 வரை ஆயிற்று. ஒரே மொழிக்குப் போட்டி எழுத்து இருந்தால் கேள்விகள் கூடும். கோண்டிக்கு 2017இல் ஒன்றும் 2018இல் மற்றொன்றுமாக இரண்டு எழுத்துமுறைகள் ஏறியிருக்கின்றன, ஆகவே அது தடையில்லை, தாமதம்தான்.

எது மாறும், எது மாறாது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். எழுத்தின் இடமும் பெயரும் ஏறிவிட்டால் எந்நாளும் மாறாது. ஓர் அடைப்புக்குறியின் ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்து இடம்மாறி ஏறிவிட்டது, பிழை என்று தெரிந்தும் அப்படியே கிடக்கிறது. வடிவம் அப்படியல்ல. அட்டவணையில் உள்ளது மாதிரி மட்டுமே. அட்லாம் வடிவங்கள் 2016க்குப் பிறகும் சமூகம் கேட்டுத் திருத்தப்பட்டன. அதனால் ஓர் எழுத்துக்கு இரண்டு வடிவம் வழக்கில் இருந்தால் இரண்டையும் தனித்தனி எழுத்தாகக் கேட்காதீர்கள். ஒன்றைக் கேளுங்கள், மற்றதை எழுத்துருவில் பார்த்துக்கொள்ளலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் மூன்று பேர் தனித்தனியாகப் பிழை பார்க்கட்டும்.

சேர்ந்த மறுநாளே கைபேசியில் தெரிந்துவிடாது. இயங்குதளமும் எழுத்துருவும் புதுப்பிக்கப்பட இன்னும் ஓரிரு ஆண்டு போகும். அதுவரை பழைய தனியார் இடத்து எழுத்துருவும் புதிய எழுத்துருவும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டியிருக்கும். ஏழாம் படியிலேயே எழுத்துக்கு ஒரு வரி வைத்து, எந்த எழுத்து எந்த இடத்தில் என்று ஓர் அட்டவணைக் கோப்பு போட்டு வைத்திருந்தால், புது இடத்தைப் பக்கத்துப் பத்தியில் நிரப்பி, பழைய கோப்புகளை எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.